பழைய கேஸ் செட் வாங்கப் போகிறவர்களுக்கு



சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தறிச் சத்தத்தோடு கிரைண்டர் சத்தமும் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்தடுத்து ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் தொழிற்சாலைகளால் நிறைந்தன. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஐடிஐ முடித்து வெல்டராகவும் ஃபிட்டராகவும் ஏசி மெக்கானிக்காகவும் அந்தப் பக்கம் வேலைக்குப் போய்வருகிறார்கள். ஷிப்ட் முடிந்த பிறகு வீட்டிலேயே வேலை எடுத்துச் செய்தால் குடும்பத்துக்குக் கூடுதலாக நாலு காசு வரும். கேட்டின் கீல் விட்டுப்போயிருக்கும், ஃபிரிட்ஜின் செம்புக் குழாயில் ஓட்டை விழுந்திருக்கும், குத்துவிளக்கின் தண்டு கழன்றிருக்கும். கைவேலை தெரிந்த ஆள் தெருவிலேயே இருந்தால் யாரும் பஸ் ஏறி வேறெங்கும் போகமாட்டார்கள்.

அப்படி வேலை எடுக்கிறவர் அடுத்துத் தேடுவது கேஸ் வெல்டிங் செட். புதிதாக எல்லாம் வாங்கக் கை வராது. மூடிய பட்டறை ஒன்றிலிருந்தோ, பழைய இரும்புக் கடையிலிருந்தோ, சென்னை புதுப்பேட்டைப் பக்கமிருந்தோ, இரண்டு சிலிண்டர், இரண்டு ரெகுலேட்டர், ஹோஸ், டார்ச், நாலைந்து நாசில் என்று மொத்தமாக ஒரு விலைக்கு வருகிறது என்றால் மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்பு. இந்த மடல் அவர்களுக்குத்தான். பழைய செட்டில் பித்தளை டார்ச்சைச் சோதித்து வாங்கலாம். ரெகுலேட்டரும் ஹோஸும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். சிலிண்டரை எந்த விலைக்கும் பழைய சாமானாக வாங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தறி இருக்கும் வீட்டுக்குள் அந்தச் செட் நுழையக் கூடாது. இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

முதலில் சிலிண்டர். கறுப்பு நிறத்தில் இருப்பது ஆக்சிஜன். நிறைந்திருக்கும்போது அதனுள் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம் இருக்கும். அரக்குச் சிவப்பில் இருப்பது அசிட்டிலின், பட்டறைக்காரர்கள் டிஏ என்று சொல்வது. அதன் அழுத்தம் ஆக்சிஜனில் பத்தில் ஒரு பங்குதான். அதைப் பார்த்து அசிட்டிலினை ஆபத்துக் குறைந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேர் எதிர். அசிட்டிலினைத் தனியாகச் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்துக்கு மேல் அடைத்தாலே காற்றோ ஆக்சிஜனோ இல்லாமல் தானாகவே சிதைந்து வெடிக்கும் தன்மை அதற்கு உண்டு. அதனால்தான் அந்தச் சிலிண்டர் உள்ளே காலியான உருளை இல்லை. நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருள் அடிமுதல் கழுத்துவரை இறுகி நிறைந்திருக்கும். அந்தத் துளைகளில் அசிட்டோன் ஊறியிருக்கும். அந்த அசிட்டோனில்தான் வாயு கரைந்திருக்கும். சர்க்கரைத் தண்ணீரில் சர்க்கரை இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாடு எளிதில் கிடைத்ததில்லை. 1890-களில் ஐரோப்பாவில் அசிட்டிலினைத் திரவமாக்கி அடைக்கப் பார்த்தவர்கள் பெரும் வெடிவிபத்துகளைச் சந்தித்தார்கள். அசிட்டோனில் கரைக்கலாம் என்ற வழியை பிரான்சில் ஜார்ஜ் குளோத், ஆல்பெர் ஹெஸ் இருவரும் 1890-களின் பிற்பகுதியில் காட்டினார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாஃப் தாலேன் அதற்கேற்ற உறுதியான நுண்துளைப் பொருளைச் செய்தார். ஆளில்லாக் கலங்கரை விளக்குகள் அசிட்டிலினில் எரிய வழி பிறந்தது. 1912-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே வருடம் அசிட்டிலின் சிலிண்டர்களைச் சோதிக்கும்போது ஒன்று வெடித்து அவருடைய இரு கண்களின் பார்வையும் போய்விட்டது. பரிசை வாங்கக்கூட அவரால் போக முடியவில்லை. உடன்பிறந்தவர் போய் வாங்கினார். உலகத்திலேயே அந்தச் சிலிண்டரை நன்றாகப் புரிந்துவைத்திருந்த மனிதருக்கு நேர்ந்தது இது.

பழைய டிஏ சிலிண்டரை வெளியிலிருந்து பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? உருட்டிப் போட்டதிலும் கீழே விழுந்ததிலும் உள்ளே அந்தப் பொருள் நொறுங்கிப் பொந்து விழுந்திருந்தால் தெரியாது. படுக்கவைத்தே வருடக்கணக்கில் கிடந்து அசிட்டோன் வெளியேறியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. வாயு நிரப்பும் நிலையத்தில் எடைபோட்டு, சிலிண்டரில் குத்தியிருக்கும் வெற்று எடையோடு ஒப்பிட்டுத்தான் அசிட்டோன் குறைந்திருப்பதைக் கண்டுபிடிப்பார்கள். பொந்து விழுந்த இடத்தில் அசிட்டிலின் தனியாகத் தங்கினால் 1890-களின் ஆபத்து அப்படியே திரும்பிவிடும். புதிய பெயிண்டு அடித்து வைத்திருப்பதால் இதில் ஒன்றும் மாறிவிடாது.

ஆக்சிஜன் சிலிண்டரின் கதை வேறு. அதன் கழுத்தில் வரிசை எண், தயாரித்த நிறுவனம், கடைசியாக நீரழுத்தச் சோதனை செய்த மாதமும் வருடமும் குத்தப்பட்டிருக்கும். 5 வருடத்துக்கு ஒரு முறை அந்தச் சோதனை நடக்க வேண்டும். 2021 ஏப்ரல், மே மாதங்களை யாரும் மறந்திருக்க முடியாது. அப்போது மத்திய அரசு தொழிற்சாலைகளுக்குப் போகும் ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தி மருத்துவமனைகளுக்குத் திருப்பியது. ஆர்கான், நைட்ரஜன் சிலிண்டர்களைக்கூடச் சுத்தம் செய்து ஆக்சிஜனுக்கு மாற்ற அனுமதி தரப்பட்டது. உயிர்களைக் காக்க அன்று அது தேவைப்பட்டது. ஆனால் இன்று பழைய சாமான் கடையில் நிற்கும் ஒரு கறுப்புச் சிலிண்டர் எத்தனை கை மாறி, எந்தெந்த வாயுவைத் தாங்கி அங்கே வந்தது என்பதை விற்பவரே அறிந்திருக்க வாய்ப்பில்லை.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. உலோகக் கலனில் அழுத்தி அடைத்த வாயுவை 1884-ஆம் வருட வெடிபொருள் சட்டத்தின்கீழ் 1938-இலேயே கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது நடப்பில் இருப்பவை 2016-ஆம் வருட வாயு சிலிண்டர் விதிகள். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற மத்திய அமைப்பு இவற்றை அமல்படுத்துகிறது. ஒன்றிரண்டு சிலிண்டர் வைத்திருக்கும் சிறிய பட்டறைக்குச் சேமிப்பு உரிமம் தேவையில்லை. ஆனால் சோதனைக் காலம் தாண்டிய சிலிண்டரில் யாரும் வாயு நிரப்பக் கூடாது. ஆகவே காகிதமில்லாத சிலிண்டரை மலிவாக வாங்கியவருக்கு முன்னால் இரண்டு வழிகள்தான் இருக்கும். ஒன்று, நேர்மையான நிலையம் நிரப்ப மறுக்கும், போட்ட பணம் போகும். இன்னொன்று, எதையும் பார்க்காமல் நிரப்பித் தரும் இடத்தைத் தேட வேண்டும். அந்த இரண்டாவது வழி முதலாவதைவிட மோசமானது.

டீலரிடம் டெபாசிட் கட்டி, காலியைக் கொடுத்து நிறைந்ததை எடுத்துவரும் வழக்கம்தான் சரி. மாதம் இரண்டு நாள் வேலைக்கு எதற்கு வாடகை என்று கேட்கலாம். அந்த வாடகையில் சோதனைச் செலவும் பொறுப்பும் டீலர் தலையில் இருக்கின்றன. வேலை அவ்வளவு குறைவு என்றால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே செட்டை வைத்துக்கொள்வதே கணக்குக்கும் கட்டும்.

கார்பைடு கல்லும் தண்ணீரும் போட்டு வாயு தயாரிக்கும் தொட்டி பழைய செட்டோடு சேர்ந்து வந்தால் அதை வாங்கவே வேண்டாம். கால்சியம் கார்பைடு தண்ணீரைத் தொட்டாலே அசிட்டிலின் கிளம்பும். மழைக்காலத்தில் ஒழுகும் கூரைக்கடியில் அந்தக் கல் ஒரு டின் இருப்பது எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். அதை வைத்திருப்பதற்கும் கொண்டுபோவதற்கும் 1987-ஆம் வருடக் கார்பைடு விதிகள் தனியாக இருக்கின்றன.

அடுத்தது ரெகுலேட்டரும் ஹோஸும். பழைய ரெகுலேட்டரில் இரண்டு கோளாறுகள் சாதாரணமாக இருக்கும். வாயுவே இல்லாதபோதும் முள் பூஜ்யத்துக்கு வராது. அல்லது, டார்ச் வால்வை மூடிவைத்து அழுத்தத்தை ஓரிடத்தில் நிறுத்தினால் முள் தானாகவே மெல்ல ஏறிக்கொண்டே போகும். உள்ளே இருக்கும் அடைப்பு தேய்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள். அந்த ரெகுலேட்டர் 150 கிலோ அழுத்தத்தை ஹோஸுக்குள் விட்டுவிடலாம். ஆக்சிஜன் ரெகுலேட்டரில் பளபளப்புக்காக யாரோ எண்ணெய் தடவியிருந்தால் அது இன்னும் கொடியது. அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் எண்ணெயும் கிரீஸும் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். கடைக்காரர் எண்ணெய்த் துணியால் துடைத்துத் தருகிறார் என்றால் அந்த ரெகுலேட்டரைத் தொடாமல் வந்துவிடலாம்.

ஹோஸில் சிவப்பு அசிட்டிலினுக்கு, நீலம் ஆக்சிஜனுக்கு. சிவப்பு ஹோஸின் நட்டுக்கு இடப்பக்க மரை. அதன் முனைகளில் சின்ன வெட்டு போட்டிருப்பார்கள், இருட்டிலும் விரலால் தடவினால் தெரியும். இரண்டும் மாறிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பழைய செட்டில் அடிக்கடி காண்பது, அறுந்த சிவப்பு ஹோஸை ஃபிரிட்ஜ் செம்புக் குழாய்த் துண்டு ஒன்றை நுழைத்துக் கம்பி சுற்றி ஒட்டவைத்திருப்பது. அசிட்டிலின் செம்போடு சேர்ந்து நின்றால் செம்பு அசிட்டிலைடு என்ற பொருள் உருவாகும். அது உலர்ந்தால் லேசாகத் தட்டினாலே வெடிக்கும். பித்தளையிலும் செம்பின் அளவு குறைவாக இருக்கும்படி பார்த்துத்தான் அசிட்டிலினுக்கான பாகங்களைச் செய்கிறார்கள். ஆகவே ஹோஸைப் புதிதாக வாங்குங்கள். டார்ச் பக்கமும் ரெகுலேட்டர் பக்கமும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் போடுங்கள். சுடர் டார்ச்சுக்குள் பின்வாங்கி ஹோஸ் வழியாகச் சிலிண்டரை நோக்கி ஓடுவதை அந்தச் சிறிய உருளைதான் தடுக்கிறது. செட்டில் எதைச் சிக்கனப்படுத்தினாலும் இதைச் சிக்கனப்படுத்த வேண்டாம்.

டார்ச்சைப் பார்ப்போம். நல்ல பித்தளையில் செய்த டார்ச் பல வருடம் உழைக்கும். பழசு என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. வால்வுத் தண்டு ஆடாமல் இருக்க வேண்டும். நட்டின் மரை மழுங்கியிருக்கக் கூடாது. தலைப்பகுதியில் சுத்தியடி பட்ட பள்ளம் இருக்கக் கூடாது. கேஸ் டீலரின் கடையிலேயே ஹோஸ் மாட்டி, வால்வுகளை மூடி, மூட்டுகளிலெல்லாம் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். முட்டை முட்டையாகக் கிளம்பினால் கசிவு. உறிஞ்சும் வகை டார்ச் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. சிவப்பு ஹோஸைக் கழற்றிவிட்டு, ஆக்சிஜனை மட்டும் விட்டு, இரு வால்வையும் திறந்து, அசிட்டிலின் நுழையும் வாயில் கட்டைவிரலை வைத்தால் விரலை உள்ளே இழுக்க வேண்டும். இழுக்காமல் விரலைத் தள்ளினால் அந்த டார்ச்சில் ஆக்சிஜன் அசிட்டிலின் ஹோஸுக்குள் புகுந்துவிடும். அதை வாங்கக் கூடாது.

கடைசியாகப் பற்றவைத்துப் பார்க்க வேண்டும். முதலில் மஞ்சளாகப் புகையோடு எரியும் சுடர், ஆக்சிஜனைத் திறக்கத் திறக்க வெளுக்கும். நடுவில் இறகாக நீண்டிருக்கும் வெண்சுடர் மெல்லச் சுருங்கி, நாசில் வாயில் நுனி உருண்ட கூம்பாக நிற்கும். அந்தக் கூம்பு நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் யாரோ ஆணியாலோ டிரில்லாலோ நாசில் துளையைக் குடைந்திருக்கிறார்கள் என்று பொருள். நாசிலை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கூம்பு நுனியில் வெப்பம் 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரும்பு உருகுவது ஏறத்தாழ 1,500-இல். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அதைப் பார்க்க வேண்டாம்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் செட்டை எங்கே வைப்பது என்ற கேள்வி நிற்கிறது. சின்ன காஞ்சிபுரத்துக்கு இதுதான் பெரிய கேள்வி. இங்கே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டு முன்னறையில் தறி. பாவு, ஊடை, சரிகை, பாதி நெய்த சேலை எல்லாம் அங்கேயே. காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டிங் செய்யும்போது தெறிக்கும் பொறி 35 அடி வரை போகலாம் என்று வைத்துத்தான் அமெரிக்கத் தீத்தடுப்பு விதிகள் இடைவெளி கேட்கின்றன. நம் சந்துகள் பலவற்றின் அகலமே அவ்வளவு இல்லை.

குழித்தறி இருக்கும் வீட்டில் இன்னொரு அபாயம் இருக்கிறது. நெசவாளர் காலைத் தொங்கவிட்டு மிதி மிதிக்கும் அந்தக் குழி வாயு தங்குவதற்கு ஏற்ற இடம். அசிட்டிலின் காற்றைவிடச் சற்றே லேசானது. மேலேறிப் பரணுக்கும் ஓட்டுக்கும் அடியில் சேரும். சமையல் வாயு அப்படியில்லை. அது காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது; தரையோடு ஊர்ந்து குழியில் இறங்கித் தங்கும். காற்றில் 2 சதவீதம் அளவுக்குச் சேர்ந்தாலே பற்றும். அசிட்டிலின் வேண்டாம், ஆக்சிஜனோடு எல்பிஜி போட்டுக்கொள்ளலாம் என்று மாறுகிறவர்கள் இதைக் கட்டாயம் மனத்தில் வைக்க வேண்டும். இரவு வால்வு சரியாக மூடாமல் கசிந்து குழியில் நிறைந்திருந்தால், காலையில் தறியில் உட்காருகிறவர் அதில்தான் காலை வைப்பார். அடுப்படி லைட்டரோ சுவிட்சோ போதும்.

ஆக்சிஜன் எரியாத வாயுதான். ஆனால் காற்றில் அதன் அளவு கூடினால் மற்ற எல்லாம் மும்முரமாக எரியும். பட்டு சாதாரணக் காற்றில் லேசில் பற்றாது. ஆக்சிஜன் ஊறிய அறையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. சட்டையில் படிந்த தூசியை ஆக்சிஜன் ஹோஸால் ஊதிக்கொள்ளும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. துணியின் நூலிழைகளுக்கிடையே ஆக்சிஜன் தங்கிவிடும். பிறகு ஒரு பொறி பட்டால் சட்டை முழுவதும் ஒரே சமயத்தில் எரியும். வீட்டுப் பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளும் முன் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

2022 செப்டம்பர் கடைசியில் நம் மாவட்டத்திலேயே, வாலாஜாபாத் அருகே தேவரியம்பாக்கத்தில், சமையல் வாயு சிலிண்டர் கிடங்கில் தீப்பிடித்தது. சிலிண்டர்கள் வெடித்தன. பலர் தீக்காயமடைந்தார்கள், அவர்களில் சிலர் மருத்துவமனையில் உயிரிழந்தார்கள். குடியிருப்புக்குப் பக்கத்தில் வாயு சிலிண்டர் தீயில் சிக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. கோயில் தெருக்களில் வைகாசிக் கருட சேவையன்று திரளும் கூட்டத்துக்கு நடுவே இப்படி ஒன்று நேர்ந்தால் தீயணைப்பு வண்டி எந்த வழியாக வரும்?

ஆகவே முதலில் வேலையைப் பிரித்துப் பாருங்கள். கேட், ஜன்னல் கம்பி, ஸ்டாண்டு போன்ற இரும்பு வேலைக்கு ஒற்றை ஃபேஸ் கரண்டில் ஓடும் சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் போதும். வெட்டுவதற்கு ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறது. இவற்றிலும் பொறி தெறிக்கும் என்பதால் தறியறையில் இவையும் கூடாது. ஆனால் சிலிண்டர் என்ற சுமை இல்லை. ஏசி, ஃபிரிட்ஜ் செம்புக் குழாய்க்குக் கையடக்கக் கேஸ் டார்ச்சும் பாஸ்பரஸ் கலந்த கம்பியும் பெரும்பாலான இடங்களில் போதும். ஆக்சிஜனும் அசிட்டிலினும் உண்மையிலேயே தேவைப்படுவது கனமான பித்தளை, வார்ப்பிரும்பு, மெல்லிய இரும்புக் குழாய் வெல்டிங் போன்ற சில வேலைகளுக்குத்தான். எல்பிஜி சுடர் வெட்டவும் பித்தளை வைக்கவும் உதவும். இரும்பை இரும்போடு உருக்கிச் சேர்க்க அது சரிப்படாது. எல்பிஜி என்றால் வீட்டு 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டரைத் தொழிலுக்கு எடுப்பது சட்டவிரோதம். 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் எடுக்க வேண்டும். நாசிலும் வேறு: அசிட்டிலின் கட்டிங் நாசில் ஒரே துண்டு, எல்பிஜி நாசில் உள்துண்டும் கூடுமாக இரண்டு.

அப்படியும் கேஸ் செட் வேண்டும் என்பவர்கள் ஓரிக்கை, செவிலிமேடு பக்கம் காற்றோட்டமுள்ள ஒரு ஷெட்டை நாலைந்து பேராகச் சேர்ந்து வாடகைக்கு எடுக்கலாம். சிலிண்டர்களை நிமிர்த்தி, சங்கிலியால் சுவரோடு கட்டி, வெயில் படாமல் வைக்கலாம். அசிட்டிலின் வால்வில் சாவி எப்போதும் மாட்டியே இருக்கட்டும். ஆபத்தில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. சுடர் பின்வாங்கிய பிறகு டிஏ சிலிண்டர் தொட்டால் சூடாக இருந்தால், உள்ளே சிதைவு தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதை நகர்த்தக் கூடாது. எல்லாரையும் வெளியேற்றி 101-ஐ அழைக்க வேண்டும். ஆறிவிட்டதாகத் தோன்றினாலும் மணிக்கணக்கில் ஆபத்து இருக்கும்.

இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. பழைய செட் விற்கும் கடைக்காரர்கள் டார்ச்சைத் தனியாகவும் சிலிண்டரைத் தனியாகவும் பிரித்து, சிலிண்டரை உரிய நிறுவனத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். 2021-இல் மாநகராட்சியான காஞ்சிபுரத்தின் நிர்வாகமும், ஐடிஐ ஆசிரியர்களும், தீயணைப்புத் துறையும் சேர்ந்து, வீட்டுப் பட்டறைக்காரர்கள் தங்கள் டார்ச்சையும் ரெகுலேட்டரையும் கொண்டுவந்து சோதித்துக்கொள்ள ஆண்டுக்கொரு முகாம் நடத்த வேண்டும். பட்டுத் தொழிலுக்குப் பக்கத்திலேயே இரும்புத் தொழிலும் வளர்கிற ஊருக்கு அது அவசியம்.

இந்த வாரம் யாராவது செட் பார்க்கப் போவதாக இருந்தால், ஒரு பாட்டில் சோப்புத் தண்ணீரும் கறுப்புக் கண்ணாடியும் எடுத்துப் போங்கள். டார்ச் பிடித்திருந்தால் அதற்கு மட்டும் விலை பேசுங்கள். சிலிண்டருக்கென்று வைத்திருந்த பணத்தில் புதிய ஹோஸும் இரண்டு ஜோடி ஃபிளாஷ்பேக் அரெஸ்டரும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பட்டறையும் பக்கத்து வீட்டுத் தறியும் பத்திரமாக இருக்க விரும்பும் ஒருவர்